மூன்று வி.பி.என்.களும் உங்கள் அத்தையின் கடைசிப் பரீட்சையும்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் எங்கள் மகளும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மற்ற அளவுகளில் எப்படி இருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையில் போன் இருக்கும்போது மாமா எதற்காகப் பேனாவைத் தேடிப் பிடித்தார் என்று உங்களுக்குத் தோன்றலாம். கம்பி வழியாகப் போகிற எதன் மேலும் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. கம்பியே இல்லாமல் போகிறதன் மேல் சுத்தமாக இல்லை. அதனால் தாளில் எழுதி, உறையில் போட்டு, நாலு மூலையிலும் பசை தடவி அனுப்புகிறேன். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள். மகளிடம் காட்ட வேண்டாம். காட்டினால் அவள் அடுத்த நிமிடமே அம்மாவுக்குப் போன் போடுவாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என் நிலைமை என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் கல்யாணமானவர்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அந்தப் பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்கிறேன். குறை எங்கே இருக்கிறது என்பதை, கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்துப் பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிற நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, கிளம்புகிற அவசரத்தில், ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றுகொண்டு, "மாமா, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரின்னு கண்ட இடத்துல இருக்கற வைஃபைல எல்லாம் சும்மா சேராதீங்க. ஒரு வி.பி.என். போட்டுத் தர்றேன், நீங்க அனுப்பறதை வழியில யாரும் பார்க்காம மூடி, வேற நாட்டு வழியா சுத்தி அனுப்பும், பாதுகாப்பா இருக்கும்" என்று சொன்னீர்கள். லேப்டாப்பை வாங்கி டக்டக்கென்று தட்டி, கீழ் மூலையில் சின்னதாக ஒரு கேடயம் வந்ததைக் காட்டி, "இது பச்சையா இருந்தா எல்லாம் சரின்னு அர்த்தம்" என்றீர்கள். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். 'பச்சையா இருந்தா சரி' என்கிற வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்று நீங்கள் ஒரு கணம் யோசித்திருக்கலாம். இதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

நான் முப்பத்து நாலு வருஷம் சரக்குக் கிடங்கில் முத்திரைக் கண்காணிப்பாளராக இருந்தவன். வண்டி வந்து நிற்கும். வழியில் யாரும் திறக்கவில்லை என்பதற்கு அடையாளமாகக் கதவில் ஈய முத்திரை தொங்கும். அரை மணிக்கு ஒருமுறை எல்லா வண்டிகளையும் சுற்றி வந்து, ஒவ்வொரு முத்திரையையும் பார்த்து, நோட்டில் நேரத்தைப் போட்டு, 'முத்திரை சரி' என்று எழுத வேண்டும். கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக் கூடாது, பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடம் வாய் கொடுக்கக் கூடாது. இதுதான் வேலை. மழை, வெயில், தலைவலி எதற்காகவும் ஒரு சுற்றைக்கூட நான் விட்டதில்லை. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும், மணி பத்தரை ஆனால் என் கால்கள் தாமாகவே எழுந்து எதையாவது சுற்றி வரும். இத்தனை நாளாகத் தண்ணீர்த் தொட்டியையும் வாசல் பூட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவனிடம், நீங்கள் பச்சை நிறத்தில் ஒரு முத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கே கடைக்குப் போய் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன்.

இத்தனைக்கும் காரணம் உங்கள் அத்தையின் படிப்பு. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நான் எவ்வளவு பெரிய காரியத்தில் கைவைத்துவிட்டேன் என்பது புரிய வேண்டும் என்பதற்காக மறுபடி சொல்கிறேன். கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவளைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும், நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்று நானும் பெருந்தன்மையாகச் சொன்னேன். சொன்ன மூன்றாம் மாதம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல். அதன்பிறகு உங்கள் மனைவி பிறந்தாள். அதன்பிறகு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருபத்தைந்து வருஷம் "அடுத்தவங்க வாங்க, அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டே உங்கள் அத்தையின் காலம் போய்விட்டது. ஐம்பத்தாறாவது வயதில், யாரையும் கேட்காமல், தபால் வழியில் அதே புள்ளியியலில் சேர்ந்துவிட்டாள். மூன்று வருஷம் ஆயிற்று. எல்லாத் தாளும் பாஸ். பாக்கி ஒரே தாள்: நிகழ்தகவு. அதுவும் வீட்டிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை. லேப்டாப்பில் இருக்கிற கேமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டே இருக்குமாம். அந்தத் தாளில் முறைகேடு என்று வந்துவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பரீட்சையே எழுத முடியாது.

பரீட்சை நாளில் எந்தத் திருடனும் எங்கள் இன்டர்நெட்டுக்குள் தலையை நீட்டக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். நீங்கள் போட்டுத் தந்தது ஒரு வி.பி.என். வாசல் கதவுக்கே இரண்டு பூட்டுப் போடுகிற வீடு இது. அதனால் இலவசமாகக் கிடைத்த இன்னும் இரண்டை நானே இறக்கிப் போட்டேன். மூன்றும் ஒன்றாகக் காவல் காக்கும் என்று நினைத்தேன். ஆனால் மூன்று பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்த கதைதான். ஒன்று உட்கார்ந்தால் மற்றது எழுந்துகொள்கிறது. காலையில் லேப்டாப் தான் நார்வேயில் இருப்பதாகச் சொல்லும். பத்து மணிக்குப் பிரேசில் என்று சொல்லும். உங்கள் அத்தை காய் நறுக்கி முடிப்பதற்குள் ஜப்பானுக்குப் போய்விடும். நானும் விடாமல் நோட்டில் ஏற்றிக்கொண்டே வந்தேன். 'காலை 10.30. பிரேசில். முத்திரை சரி.'

அந்த வாரமே ஒரு நாள் காலையில் லேப்டாப்பில் வானிலை பார்த்தால், கடும் பனி, வெளியே போக வேண்டாம் என்று போட்டிருந்தது. உங்கள் அத்தை துவைத்த துணிகளை மாடிக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் தடுத்தேன். "பனி கொட்டப் போகுது. துணியெல்லாம் விறைச்சுப் போயிடும்" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், சன்னலை ஒருமுறை பார்த்தாள். வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "ஏங்க, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் மூடி வைங்க, தலையை மேல தூக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சட்டைகள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்தன. எனக்குக் கொஞ்சம் மானம் போயிற்று. அதை நான் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது பேங்க். அதில் நுழையப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து யாரோ உங்கள் கணக்கைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்கே எச்சரிக்கை வந்து, கணக்கு பூட்டிக்கொண்டது. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "சார், இப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள். "சமையலறைலம்மா" என்றேன். "இல்ல சார், எந்த நாட்டுல?" என்றாள். நான் பொய் சொல்லிப் பழகாதவன். "அது எந்த வி.பி.என். ஓடுதுங்கறதைப் பொறுத்தும்மா. அஞ்சு நிமிஷம் முன்னாடி நார்வே" என்றேன். என் பெயரை இன்னொரு தடவை கேட்டுச் சரிபார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, "வீட்டுல வேற யாராவது இருந்தா போனைக் குடுங்க சார்" என்றாள். உங்கள் அத்தைதான் வாங்கிப் பேசினாள். என்ன பேசினாளோ, இருவரும் சேர்ந்து நெடுநேரம் சிரித்தார்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். இன்டர்நெட் வழியாக வருகிற திருடன் ஃபிரிட்ஜ் வரைக்கும் வர முடியாது என்பது என் கணக்கு. குழாய் ரிப்பேருக்கு வந்தவர் வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே அதை முழுக்கப் படித்துவிட்டு, "சார், தப்பா நெனைக்காதீங்க. அம்மாவோட பாஸ்வேர்டு நல்லா கஷ்டமா இருக்கு. உங்களோடதுதான் ரொம்ப லேசு. எல்லாத்துக்கும் அதே ஒண்ணா?" என்று கேட்டார். குழாயைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது நாலு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நாலாவது நாள், 'உங்கள் பார்சலை ஒப்படைக்க முடியவில்லை, விவரத்தைச் சரிபார்க்கவும்' என்று ஒரு மெயில் வந்தது. நான் எந்தப் பார்சலுக்கும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் யாரோ பிரியமாக எதையோ அனுப்பியிருக்கிறார்கள், அது எங்கேயோ நடுவழியில் கிடக்கிறது என்று நினைத்தபோது, கிடங்கில் இருந்தவனுக்கு மனம் கேட்குமா? கேடயத்தைப் பார்த்தேன். பச்சை. பிறகென்ன பயம் என்று, கேட்ட இடத்தில் மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு எழுத்து பிசகாமல் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே திருடன் என் பெயரில் எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் மெயில் எழுத ஆரம்பித்துவிட்டான். அவசர உதவி, பரிசுக் கூப்பன் வாங்கி அனுப்பவும் என்று. நல்லவேளையாக யாரும் அனுப்பவில்லை. என் ஆட்களின் கையிறுக்கத்தைப் பற்றி நான் இதுவரை என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் கிடங்கில் எடை போடும் பிரிவில் இருந்தவரை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தராசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் ஓய்வு விழாவில் மேடையேறி, 'இவர் தன் வாய்க்கே முத்திரை வைத்துக்கொண்டு அரை மணிக்கொரு தரம் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற ஆள்' என்று பேசியதிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தத் தராசு போன் பண்ணினார். "ஆறு வருஷம் கழிச்சு உனக்கு என் ஞாபகம் வந்துச்சே. 'அன்பு நண்பரே, உடம்பு எப்படி இருக்கு'ன்னு எழுதியிருந்தியே, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சுய்யா" என்றார். "யோவ், அதை நான் எழுதலய்யா. திருடன் எழுதினது" என்றேன். "அதானே பார்த்தேன். உனக்கு ஏது இவ்வளவு நல்லா எழுத?" என்றார். அன்றிலிருந்து தினமும் போன் செய்கிறார். அவருக்கு இரண்டு முட்டியிலும் வலியாம். எனக்கு இத்தனை நாள் அது தெரியாது. இந்தச் சமாச்சாரத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அந்தத் திருடன் செய்ததுதான்.

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருமுறை தையல் இயந்திரப் பாகங்கள் என்று ஒரு வண்டி வந்தது. எட்டு மணி நேரம் நின்றது. பதினாறு தடவை 'முத்திரை சரி' என்று நான் எழுதியிருக்கிறேன். திறந்து பார்த்தால் உள்ளே செங்கல். முத்திரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஏற்றிய இடத்திலேயே செங்கலை ஏற்றியிருக்கிறார்கள். அதை நாங்கள் பத்திரமாகக் காவல் காத்திருக்கிறோம். அதே மாதிரி, என் பாஸ்வேர்டை வழியில் யாரும் பார்த்துவிடாமல், வி.பி.என். மிகவும் பொறுப்பாக, நேராகத் திருடன் கையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. வழியைக் காக்கிறது, சரி. போய்ச் சேருகிற ஆள் யோக்கியனா என்று அது கேட்பதில்லை. அப்புறம் இன்னொரு சந்தேகம். வண்டி போய் நிற்கிற அந்த நார்வே கிடங்கில் அதைத் திறந்து பார்க்கிறவன் யார்? ஒரு ரூபாய்கூட வாங்காமல் எனக்குக் காவல் நிற்கிறானே, அவன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுகிறான்? இதற்கெல்லாம் நீங்கள் பதில் எழுத வேண்டும். வி.பி.என். போட்டால் பாதுகாப்பு கூடுமா கூடாதா என்று ஒரே வார்த்தையில் எழுதினால் போதும். பாதுகாப்பா இருக்கும் என்று நீங்கள் சொன்னதை நான் இன்னமும் மறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை பரீட்சை. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. உங்கள் அத்தை சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்குத் துளிகூடத் தொந்தரவு கொடுக்கவில்லை. போனை அணைத்தேன், அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கினேன், தராசிடம் இன்றைக்குப் போன் பண்ணாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அரை மணிக்கு ஒருமுறை மட்டும், சத்தம் வரக் கூடாது என்று காலுறை போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகத் திறந்து, அவள் கண்ணில் படாதபடி முதுகை வளைத்து, பின்னாலிருந்து அவள் தோளுக்கு மேலே எட்டி, மூலையில் பச்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே வளைவில் திரும்பி வந்துவிடுவேன். பத்தரை, பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை. ஐந்து சுற்று. ஐந்து தடவையும் பச்சை. ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிச் சுற்றில் மட்டும், எல்லாம் பத்திரம் என்று தைரியம் கொடுப்பதற்காகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை, எழுதுகிற வேகம் அப்படி. வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "எல்லாக் கேள்வியும் போட்டுட்டேங்க" என்றாள். முப்பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் லேப்டாப் திறந்தபடி இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து மெயில். 'வியாழக்கிழமை நீங்கள் எழுதிய தேர்வில் முறைகேட்டுக்கான அறிகுறிகள் தென்பட்டதால் விடைத்தாள் நிறுத்திவைக்கப்படுகிறது. பத்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' அதற்குக் கீழே இன்னும் என்னென்னவோ இருந்தது. நான் படிக்கவில்லை, டப்பென்று மூடிவிட்டேன். படிக்க வேறு என்ன இருக்கிறது? ஒரே பெண்மணி மூன்று மணி நேரத்துக்குள் நார்வேயிலும் பிரேசிலிலும் ஜப்பானிலும் உட்கார்ந்து நிகழ்தகவுப் பரீட்சை எழுதினால் எந்தப் பல்கலைக்கழகம்தான் நம்பும்? நானாக இருந்தாலும் வண்டியை நிறுத்தித் திறந்து பார்த்திருப்பேன்.

உங்கள் அத்தை அன்று மத்தியானம் அதைப் படித்தாள். நான் சமையலறையில் காலியான பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நான் பாத்துக்கறேன்" என்றாள், அவ்வளவுதான். சாயங்காலம் புத்தகங்களை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினாள். கயிற்று முடிச்சுகளை எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. நாளைக்குத் திறக்கப்போகிற பெட்டிக்குப் போடுகிற முடிச்சு வேறு. இது மறுபடி திறக்க மாட்டேன் என்று போடுகிற முடிச்சு. "எதுக்குக் கட்டற?" என்று கேட்டேன். "இனிமே எதுக்குங்க இது?" என்றாள். ஊராருடைய சரக்கையெல்லாம் முப்பத்து நாலு வருஷம் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேன். இவள் என்னிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு படிப்பு. அதை இரண்டு தடவை உடைத்தவன் நான்தான். அப்போது மாற்றலால், இப்போது கேடயத்தால். இதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றே. உங்கள் கம்பெனியின் பெயர் போட்ட தாளில், பல்கலைக்கழகத்துக்கு ஒரு சான்றிதழ் எழுதித் தர வேண்டும். வாசகத்தை நானே யோசித்து வைத்திருக்கிறேன்: 'மேற்படி விண்ணப்பதாரர் தேர்வு நேரத்தில் எந்த நாட்டுக்கும் செல்லவில்லை என்றும், நாடுகள்தான் அவரிடம் வந்து சென்றன என்றும், அதற்கு முழுப் பொறுப்பு அவருடைய கணவர் என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறேன்.' கீழே உங்கள் கையெழுத்தும் பதவியும். அடுத்த திங்கட்கிழமைக்குள் கிடைத்தாக வேண்டும். என் நோட்டையும் கூடவே அனுப்பத் தயார். எந்த நேரத்தில் எந்த நாடு என்று எல்லாம் அதில் இருக்கிறது. இதைச் செய்து கொடுத்தீர்களானால், உங்கள் மாமனார் ஆயுசு முழுக்க உங்களுக்குக் கடமைப்பட்டவன். உங்கள் வி.பி.என். பற்றி இனி ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

மகளுக்கு என் அன்பு. அவளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் வண்டியை நிதானமாக ஓட்டுங்கள். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், எந்தப் பாஸ்வேர்டும் மறக்காமல், நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிற,

உங்கள் அன்பு மாமனார்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டும் வேலையை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டு ஸ்டாம்பு வாங்கப் போகிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் சம்பந்தமான கடிதம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. அந்தப் பழக்கம் எனக்கு இருக்கிறது. ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு அவர் வருவதற்குள் எழுதிவிடுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே நிற்கிறார்.

சான்றிதழ் ஒன்றும் எழுத வேண்டாம். பரீட்சைக்கு வி.பி.என். கூடாது என்று விதிமுறைத் தாளிலேயே இருந்தது. அதனால் முந்தின நாளே நான் மூன்றையும் நிறுத்திவிட்டேன். இலவசமாக வந்த இரண்டையும் அழித்தே விட்டேன். வியாழக்கிழமை முழுவதும் எங்கள் லேப்டாப் இந்த வீட்டில்தான் இருந்தது, எந்த நாட்டுக்கும் போகவில்லை. ஐந்து தடவை அவர் பார்த்து 'முத்திரை சரி' என்று எழுதிய பச்சை, பேட்டரி முழுசாக ஏறியிருக்கிறது என்பதற்கான அடையாளம். அந்த மெயிலை அவர் கடைசி வரைக்கும் படித்திருந்தால் கீழே ஐந்து போட்டோ இருந்ததைப் பார்த்திருப்பார். ஐந்திலும் அவர்தான். என் தோளுக்குப் பின்னால் ஒரு நெற்றியும் கண்ணாடியும், சரியாக அரை மணி இடைவெளியில். ஐந்தாவதில் கேமராவை நேராகப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டுகிறார். மூன்று வருஷம் படித்த படிப்பில் சொல்கிறேன், அதில் தற்செயல் என்பதற்கு இடமே இல்லை. நான் உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டேன். அவருடைய உத்தியோகத்தையும் சேர்த்து எழுதினேன். திங்கட்கிழமையே பதில் வந்துவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி எழுதலாம். அறையில் வேறு யாரும் தலைகாட்டக் கூடாது. பெட்டியில் கட்டியவை பழைய தாள்களுக்கான புத்தகங்கள். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை.

அவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் மெதுவாகப் பதில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை, வெளியில் இருக்கும்போது நீங்கள் போட்டுத் தந்ததை ஓடவிடுகிறேன், வீட்டில் நிறுத்திவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வைத்து, உள்ளே நுழையும்போது போனுக்கு ஓர் எண் வருகிற மாதிரியும் செய்துவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் இப்போது காய்கறிப் பட்டியல்தான் இருக்கிறது. இதை எல்லாம் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மறு பரீட்சை என்று தெரிந்தால், அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்பார், அரை மணிக்கு ஒருமுறை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வியாழக்கிழமை அவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஏதோ பாதுகாப்புச் சந்தேகம், மாமா வந்து பார்த்தால்தான் தீரும் என்று சொன்னால் புதன்கிழமையே கிளம்பிவிடுவார். பத்திலிருந்து ஒரு மணி வரை எதையாவது காட்டி, பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். படிப்பை இரண்டு தடவை உடைத்தேன் என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மூன்று வருஷமும் நான் படிக்கிற நேரத்தில் அந்தக் கதவுக்கு வெளியே டிவி சத்தம்கூட வராமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதை அவர் எழுதவே இல்லை, பாருங்கள். ஒரு மணி அடித்ததும் அவர் கையில் போனைக் கொடுங்கள். எப்படி எழுதினேன் என்று முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.